விளம்பரத் தடுப்பியா, உலாவி மீளமைப்பா?

குரோம் உலாவியில் விளம்பரச் சாளரங்கள் ஓயாமல் முளைக்கும்போது, யாழ்ப்பாணத்துத் திருத்தகங்களில் விளம்பரத் தடுப்பி (விளம்பரங்களை மறைக்க உலாவியில் சேர்க்கும் நீட்சி, அதாவது சிறு துணைநிரல்), உலாவி மீளமைப்பு (உலாவியின் அமைப்புகளை ஆரம்ப நிலைக்குக் கொண்டுவருதல்) ஆகிய இரண்டில் ஒன்றையே பரிந்துரைக்கின்றனர்.

செலவு: இரண்டும் இலவசம்.

இலகு: தடுப்பியை ஒரு நிமிடத்தில் சேர்த்துவிடலாம். மீளமைத்தாலோ, சேமித்த கடவுச்சொற்கள் அழியாவிடினும், குக்கிகள் (தளங்கள் உலாவியில் சேமிக்கும் சிறு தரவுகள்) நீங்குவதால் ஒவ்வொரு தளத்திலும் மீண்டும் உள்நுழைய நேரும்.

நிலைப்பு: தடுப்பி பக்கத்திலுள்ள விளம்பரங்களையே மறைக்கும், இலவசத் திரைப்படத் தளமொன்றில் அறியாமல் ‘அனுமதி’யை அழுத்தியதால் (பெரும்பாலும் இதுவே காரணம்) திரையின் மூலையில் தோன்றும் அறிவித்தல்களையும், வேறு மென்பொருளோடு ஒட்டி வந்த நீட்சியையும் அது தொடாது. மீளமைப்பு அந்த அனுமதியை நீக்கி, நீட்சிகளையும் முடக்கிவிடும்.

குறித்த சில தளங்களில் மட்டும் தொல்லை இருப்பின் தடுப்பி போதும். எத்தளத்தையும் திறக்காதபோதும் விளம்பரம் வந்தால் மீளமைப்பே பொருத்தம். அதன் பின்னும் தொடர்ந்தால், விண்டோஸில் நிறுவப்பட்ட மென்பொருட்களைச் சோதிக்க வேண்டும்.