பழைய காரில் லைட் கோளாறு: டெஸ்ட் லேம்ப், எல்இடி டெஸ்டர், மல்டிமீட்டர் – எதற்கு எது?

அம்பாசடர், பிரீமியர் பத்மினி, கார்புரேட்டர் மாருதி 800 போன்ற கார்களில் ஒரு லைட் எரியவில்லை என்றால் முதலில் பல்பையும் ஃபியூஸையும் பார்ப்போம். இரண்டும் சரியாக இருந்தால் பெரும்பாலும் மிஞ்சுவது களிம்பேறிய கப்ளரோ (ஒயர்களை இணைக்கும் பிளக்), துருப்பிடித்த எர்த்தோதான் (கரண்ட் காரின் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு). ஒயர் முழுசாக அறுந்திருந்தால் எந்தக் கருவியும் காட்டிக் கொடுத்துவிடும். பாதி பிடித்தும் பாதி பிடிக்காமலும் இருக்கும் இணைப்புதான் ஆளை அலைக்கழிக்கும். அதனால் கருவியின் விலையைப் பார்ப்பதற்கு முன், அது ஒயரிலிருந்து எவ்வளவு கரண்ட் இழுத்துச் சோதிக்கிறது என்று பார்க்க வேண்டும்.

21 வாட் பல்பு போட்ட டெஸ்ட் லேம்ப் சுமார் 1.75 ஆம்பியர் இழுக்கும். எல்இடி டெஸ்டர் இழுப்பது 10, 20 மில்லி ஆம்பியர்தான். டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை வழக்கமாக 10 மெகா ஓம். அது இழுப்பதைக் கரண்ட் என்றே சொல்ல முடியாது.

பிரேக் லைட் கப்ளரில் களிம்பால் 10 ஓம் தடை வந்திருக்கிறது என்று வையுங்கள். பல்பைக் கழற்றிவிட்டு மீட்டரை வைத்தால் பேட்டரியில் உள்ள 12.5 வோல்ட் அப்படியே காட்டும். எல்இடியும் பளிச்சென்று எரியும். “சப்ளை வருகிறது, பல்புதான் போச்சு” என்று புதுப் பல்பு வாங்கி மாட்டுவோம், அதுவும் சரியாக எரியாது. அதே இடத்தில் 21 வாட் பல்பை வைத்தால் அதற்குக் கிடைப்பது சுமார் 3 வோல்ட்தான். இழை லேசாகச் சிவந்து நிற்கும், கோளாறு கண்ணெதிரே தெரிந்துவிடும்.

இந்த ஒரு காரணத்துக்காகவே பழைய கார்களுக்கு எல்இடி டெஸ்டரைக் கடைசியில்தான் வைக்க வேண்டும். போதாததற்கு, 1960களின் நடுப்பகுதி வரை வந்த பிரிட்டிஷ் கார்கள் பலவும் பாசிட்டிவ் எர்த், அதாவது பாடியில் இணைவது பேட்டரியின் பிளஸ். அவற்றில் ஒற்றை எல்இடி உள்ள டெஸ்டரை வழக்கம்போல் பாடியில் மாட்டினால் எரியவே எரியாது. சாதாரண பல்புக்கு பிளஸ், மைனஸ் பேதம் கிடையாது.

டெஸ்ட் லேம்ப்பை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ஒற்றை இழை 21 வாட் இண்டிகேட்டர் பல்பு, அதற்கான ஹோல்டர், 1 சதுர மில்லிமீட்டர் ஒயர் 2 மீட்டர், ஒரு முனையில் முதலை கிளிப், மறுமுனையில் கூரான கம்பி, நடுவில் 5 ஆம்பியர் ஃபியூஸ். அந்தக் கம்பியால் ஒயரின் தோலைக் குத்தாதீர்கள். குத்திய துளை வழியாக மழைத் தண்ணீர் இறங்கி, கொஞ்ச நாளில் அங்கேயே புதுக் களிம்பு பிறக்கும். கப்ளரின் பின்பக்கம் ஒயர் நுழையும் இடத்தில் கம்பியை விட்டுத் தொடுங்கள்.

எர்த் கோளாறு

பின் விளக்கில் பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறது, இண்டிகேட்டர் போட்டால் பார்க்கிங் லைட் துடிக்கிறது என்றால் அது எர்த் கோளாறுதான். 21/5 வாட் பல்பில் (21 வாட் பிரேக்குக்கு, 5 வாட் பார்க்கிங்குக்கு) இரண்டு இழைகளுக்கும் எர்த் ஒன்றே. அது விட்டுப்போனால் கரண்ட் அடுத்த இழை வழியாகத் திரும்பி ஓடப் பார்க்கும். லேம்ப்பின் கிளிப்பை பேட்டரி பிளஸ்ஸில் மாட்டி (கையில் நீள ஒயர் வேண்டும்), கம்பியால் ஹோல்டரின் எர்த்தைத் தொடுங்கள். முழு வெளிச்சம் வராவிட்டால் திருகைக் கழற்றி, அடியில் உள்ள பெயிண்ட்டையும் துருவையும் சுரண்டி, நட்சத்திர வாஷர் போட்டு இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். இதற்கு மீட்டர் தேவையில்லை.

மங்கலான ஹெட்லைட்

இங்கே கதை தலைகீழ். எச்4 பல்பின் (இரட்டை இழை ஹாலஜன் ஹெட்லைட் பல்பு) 60 வாட் இழை சுமார் 5 ஆம்பியர் கேட்கும். வழியில் 0.3 ஓம் தடை இருந்தால் ஹெட்லைட்டில் ஒன்றரை வோல்ட் வரை விழும். ஆனால் 1.75 ஆம்பியர் டெஸ்ட் லேம்ப்பில் அரை வோல்ட்தான் விழும், அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. லேம்ப் “எல்லாம் சரி” என்று சொல்லிவிடும். ஹாலஜன் பல்பிலோ வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் போய்விடும்.

இதற்கு மீட்டர்தான், அதுவும் ஹெட்லைட் எரிந்துகொண்டிருக்கும்போது. 20 வோல்ட் டிசி வரிசையில் வைத்து, சிவப்பு முனை பேட்டரி பிளஸ்ஸில், கறுப்பு முனை பல்பு கப்ளரின் சப்ளை பின்னில். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கறுப்பு முனையைப் பின்னோக்கி நகர்த்துங்கள்: டிம்-பிரைட் சுவிட்ச், லைட் சுவிட்ச், ஃபியூஸ். எந்த இடத்தைத் தாண்டும்போது எண் சட்டென்று குறைகிறதோ அங்கேதான் இழப்பு. பிறகு பல்பின் எர்த் பின்னுக்கும் பேட்டரி மைனஸ்ஸுக்கும் நடுவே அளந்தால் 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ரிலே (சிறிய கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) இல்லாத கார்களில் இரண்டு ஹெட்லைட்டின் 10 ஆம்பியரும் சுவிட்ச் வழியாகவே ஓடுவதால், குற்றவாளி பெரும்பாலும் சுவிட்சின் உள்முனைதான். சுவிட்சை மாற்றினாலும் ரிலே போடாவிட்டால் அதே கோளாறு திரும்ப வரும்.

ஒரு எச்சரிக்கை: ஜப்பானிய வடிவமைப்பில் வந்த சில கார்களில் ஹெட்லைட்டை எர்த் பக்கத்தில்தான் சுவிட்ச் செய்வார்கள். அணைத்திருக்கும்போதும் பல்பின் எல்லா பின்களிலும் 12 வோல்ட் காட்டினால் ஷார்ட் என்று பயப்பட வேண்டாம்.

சார்ஜிங்கைப் பார்க்கவும் மீட்டரே. ஓடும் எஞ்சினில் பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.4 வரை இருந்தால் நல்லது. 15-ஐத் தாண்டினால் சார்ஜிங் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்விட்டது, பல்புகள் அடிக்கடி ஃபியூஸ் ஆவதற்கு அதுவே காரணம்.

ஃபியூஸ் போய்க்கொண்டே இருந்தால்

தடை குறைவாக இருந்தால் மீட்டர் அடிக்கும் “பீப்” இங்கே ஆபத்தான வழிகாட்டி. குளிர்ந்த ஹெட்லைட் இழையின் தடை அரை ஓமுக்கும் குறைவு, எரியும்போதுதான் 2.4 ஓம் ஆகும். நல்ல பல்பைத் தொட்டாலும் மீட்டர் பீப் அடிக்கும், நாம் ஷார்ட் என்று முடிவு கட்டுவோம். அதைவிட, போன ஃபியூஸை எடுத்துவிட்டு அதன் இரு முனைகளுக்கு நடுவே ஒரு பழைய 55 வாட் ஹெட்லைட் இழையை இணையுங்கள். ஷார்ட் இருந்தால் அது முழுதாக எரியும், ஆனால் 5 ஆம்பியருக்கு மேல் ஓட விடாது, அதனால் ஒயர் கருகாது. அந்த லைனில் உள்ள பல்புகளைக் கழற்றிவிட்டு, கப்ளர்களை ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். எதைப் பிரித்ததும் விளக்கு அணைகிறதோ, அந்தக் கிளையில்தான் ஒயர் பாடியில் உரசுகிறது. பெரும்பாலும் கதவுக் கீல், டிக்கி மூடியின் வளைவு, அல்லது தகரத்தில் ரப்பர் வளையம் விழுந்துபோன ஓட்டை.

இரவில் பேட்டரி இறங்கினால்

மைனஸ் கேபிளைக் கழற்றி இடையில் 5 வாட் பல்பை வைத்தால் பெரிய கசிவு தெரியும். அணையாமல் எரியும் டிக்கி விளக்கு ஒன்று 0.4 ஆம்பியர் குடிக்கும், 35 ஆம்பியர்-அவர் பேட்டரியை மூன்றரை நாளில் காலி செய்துவிடும். 80 மில்லி ஆம்பியர் கசிவோ அந்தப் பல்பை எரிய வைக்காது. மீட்டரின் 10 ஆம்பியர் துளையில் அளந்தால்தான் தெரியும். கடிகாரமும் ஸ்டீரியோவும் உள்ள காரில் 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. மீட்டர் இடையில் இருக்கும்போது சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்தால் மீட்டருக்குள் ஃபியூஸ் இருந்தால் அது போய்விடும்.

எம்பிஎஃப்ஐ கார் (கார்புரேட்டருக்குப் பதில் கணினி கட்டுப்பாட்டில் பெட்ரோல் பீய்ச்சும் கார்) என்றால் இசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி), சென்சார் ஒயர்களில் 21 வாட் லேம்ப்பை வைக்கவே கூடாது, அந்த 1.75 ஆம்பியர் இசியூவைச் சுட்டுவிடும். அங்கே மீட்டர், இல்லாவிட்டால் எல்இடி டெஸ்டர். ஏர்பேக்கின் மஞ்சள் கப்ளரில் இந்த மூன்றில் எதையும் வைக்காதீர்கள்.