மலாவி ஏரிக்கரைப் பயணம்: 1,860 டாலரைப் பறிகொடுத்துவிட்டு எழுதுகிறேன், தயவுசெய்து படியுங்கள்

மலாவித் தலைநகர் லிலோங்வேயில் ஒரு விடுதி அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இரவு பதினொன்றரை மணி. பக்கத்துக் கட்டிலில் அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். திட்டப்படி இன்றிரவு நாங்கள் லிவிங்ஸ்டோனியா மலைமேல் இருந்திருக்க வேண்டும். 1,860 டாலர் போய்விட்டது. நம் பணத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேல். வாங்கியவன் நான்கு நாளாகத் தொலைபேசியை எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு விமானம்.

அப்பா அரசுப் பள்ளியில் முப்பத்தோரு ஆண்டு புவியியல் ஆசிரியராக இருந்தவர். ஆப்பிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கைக் கரும்பலகையில் வரையும்போது கீழ்க்கோடியில் வெள்ளரிப் பிஞ்சுபோல ஓர் ஏரியை வரைவாராம். இன்றைய மலாவி ஏரிதான் அது, அவருடைய பழைய நிலப்படப் புத்தகத்தில் அதன் பெயர் நியாசா. ஏறத்தாழ 580 கிலோமீட்டர் நீளம், எழுநூறு மீட்டர் ஆழம். அதன் கரையோரமாகவே ஒருமுறை போய்வர வேண்டும் என்பது அவர் ஆசை. பாதையை வகுத்ததும் அவர்தான். ஸ்காட்லாந்து மதப்பணியாளர்கள் 1875இல் தெற்கே கேப் மெக்ளியரில் குடியேறினார்கள். மலேரியாவில் பலர் செத்ததால் 1881இல் வடக்கே பண்டாவேக்கு மாறினார்கள். அங்கும் காய்ச்சல் விடாததால் 1894இல் மலைமேல் ஏறி இன்றைய லிவிங்ஸ்டோனியாவை அமைத்தார்கள். அவர்கள் நகர்ந்த வழியிலேயே நாமும் போவோம் என்றார் அப்பா. ஒன்பது நாள். என் கணவர் வண்டி ஓட்டுவதாக ஏற்பாடு. மலாவியில் நம் ஊரைப் போலவே சாலையின் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும்.

வாடகை வண்டியும் தங்குமிடமும் சேர்த்துத் தரும் ஒரு முகவரை, பயணச் சேவைகளைப் பட்டியலிடும் ஓர் இணையதளத்தில் பிடித்தேன். பெயர் போடவில்லை. இந்த வகை ஆட்கள் பெயரை மாற்றிக்கொண்டு மறுபடி வந்துவிடுவார்கள், அதனால் பெயரைவிட நடந்ததைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும்.

எப்படி நம்பினேன் என்பதைச் சொல்ல வேண்டும். இனிக்க இனிக்கப் பேசியிருந்தால் அன்றே சந்தேகம் வந்திருக்கும். அவன் பேசியதெல்லாம் எச்சரிக்கை. கேப் மெக்ளியரிலிருந்து ஒரே நாளில் கட்டா பே வரை ஓட்டிவிடலாம் என்று நான் போட்டிருந்த கணக்கை அவன்தான் அடித்தான். “வேண்டாம் மேடம். இருட்டிய பிறகு இந்த நாட்டுச் சாலையில் ஓட்டாதீர்கள். விளக்கில்லாத சைக்கிள்கள் வரும், ஆடுகள் குறுக்கே வரும், ஆட்கள் தார் விளிம்பிலேயே நடப்பார்கள். நடுவில் கொட்டகோட்டாவில் ஓர் இரவு தங்குங்கள்” என்றான். நாணல் அடர்ந்த தேங்கிய நீரில் இறங்காதீர்கள், நத்தைகள் வழியாகப் பரவும் பில்ஹார்சியா நோய் இருக்கிறது, ஊருக்குப் போனதும் மருத்துவரிடம் காட்டுங்கள் என்றான். எரிபொருள் தட்டுப்பாடு வரும், பம்ப்பில் இருப்பு இருக்கும் இடத்திலெல்லாம் தொட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள் என்றான். சிட்டிம்பாவிலிருந்து லிவிங்ஸ்டோனியா ஏறும் மண்பாதையில் இருபது கொண்டையூசி வளைவுகள், நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி இல்லாமல் அதில் கால் வைக்காதீர்கள் என்றான். ஒவ்வொன்றையும் தேடிப் பார்த்தேன். எல்லாம் உண்மை. சாலையைப் பற்றி உண்மை சொல்பவன் வண்டியைப் பற்றியும் உண்மை சொல்வான் என்று என் மனம் முடிவு கட்டிவிட்டது. அங்கேதான் விழுந்தேன்.

பிறகு வீடியோ அழைப்பு. வெள்ளை நிற இரட்டைக் கேபின் வண்டியைச் சுற்றிச் சுற்றிக் காட்டினான், பின் டயரைக் காலால் தட்டிக் காட்டினான். அப்பாவைப் பார்த்ததும் “மோனி, பம்போ” என்று கைகூப்பினான். சிச்சேவா மொழியில் வணக்கம் ஐயா என்று பொருள். அப்பாவுக்கு மூட்டு வலி என்றேன். “வடக்கே போகும்போது ஏரி வலப்பக்கம் வரும். பம்போவை ஓட்டுபவருக்குப் பின்னால் வலது ஜன்னலோரம் உட்கார வையுங்கள். காலை நீட்டிக்கொண்டு நாள் முழுதும் பார்த்துக்கொண்டே வரலாம்.” சொந்த மருமகன்கூட இவ்வளவு யோசிக்கமாட்டார் என்று அப்பா அன்றிரவு சொன்னார். மருமகன் பக்கத்தில்தான் இருந்தார், கோபித்துக்கொள்ளவில்லை.

மொத்தம் 2,000 டாலர். அட்டை வழியாகக் கட்டினால் இங்குள்ள வங்கி மாற்று விகிதத்தில் எனக்கு நட்டம், டாலராகப் பணப்பரிமாற்றச் சேவையில் என் தம்பி பெயருக்கு அனுப்பினால் 140 குறைத்துக்கொள்கிறேன் என்றான். பாதி அனுப்புவோம், மீதியை வண்டியைப் பார்த்துவிட்டுக் கொடுப்போம் என்று கணவர் சொன்னார். அப்பாவின் மூட்டைப் பற்றிக் கவலைப்பட்ட மனிதரை எப்படிச் சந்தேகிப்பது என்று கேட்டு, முழுப் பணத்தையும் அனுப்பியவள் நான். 1,860 டாலர், ஒரே தவணையில்.

சனிக்கிழமை நண்பகல் லிலோங்வே விமான நிலையத்தில் இறங்கினோம். வண்டி இல்லை. நான்கு மணி நேரம் கழித்து, அடிப்பாகம் தரையைத் தொடும் ஒரு சின்னக் காரை ஓர் இளைஞன் கொண்டுவந்து நிறுத்திச் சாவியைக் கையில் வைத்தான். பெரிய வண்டி பட்டறையில் இருக்கிறது, “மவா” வந்துவிடும் என்றான். மவா என்றால் நாளை. அந்தச் சொல்லை இந்த ஒரு வாரத்தில் எத்தனை முறை கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. ஒரு நாள் வீணாகுமே என்ற பயத்தில் சாவியை வாங்கிக்கொண்டோம். வாங்கியிருக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை சலீமாவுக்கு அருகே போலீஸ் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். கண்ணாடியில் ஒட்டியிருந்த காப்பீட்டு வில்லை காலாவதியாகி இரண்டு வாரம் ஆகியிருந்தது. வண்டியில் எச்சரிக்கை முக்கோணமும் இல்லை. அபராதம் கட்டி ரசீது வாங்கிக்கொண்டு, மாலையில் கேப் மெக்ளியர் போய்ச் சேர்ந்தோம். விடுதி நடத்தும் அம்மாள் சிவப்புக் கோடு போட்ட நீளமான பதிவேட்டைத் திறந்து, விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிக்கொண்டே வந்தார். எங்கள் பெயர் இல்லை. முந்திய பக்கத்திலும் இல்லை. பிறகு மெதுவான குரலில் கேட்டார்: “வெள்ளை வண்டியைக் காட்டினானா?” இந்த ஆண்டில் நாங்கள் மூன்றாவது குடும்பமாம். அவர் நல்லவர். வாடகையைக் குறைத்தார், அப்பாவுக்குப் பொரித்த சம்போ மீனை அவர் செலவிலேயே அனுப்பினார். இந்த நாட்டு மக்களைப் பற்றித் தவறாக ஒரு வார்த்தை நான் எழுதமாட்டேன், ஏமாற்றியவன் ஒருவன்தான்.

திங்கட்கிழமை காலையில் குன்றடியில் இருக்கும் மதப்பணியாளர் கல்லறைகளை மட்டும் பார்த்தோம். அப்பா ஒவ்வொன்றின் முன்னும் நின்று ஆண்டுகளைப் படித்தார். திரும்பி வந்தால் விடுதி வாசலில் மூன்று பேர். அந்தச் சின்னக் கார் அவர்களில் ஒருவருடையது. விமான நிலையத்துக்கு என்று சொல்லி இரண்டு நாள் இரவலாக வாங்கிப் போனானாம், அவரிடமும் காசு கொடுக்கவில்லை. பதிவுப் புத்தகத்தைக் காட்டினார். எங்கள் பைகளை அவரே இறக்கி வைத்துவிட்டு “பெபானி” என்றார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். இந்த ஊரில் நாங்கள் கேட்ட உண்மையான மன்னிப்பு அது ஒன்றுதான்.

அதன் பிறகு வந்த சாக்குகள்: திங்கள் மாலை, பட்டறையில் மின்சாரம் இல்லை. இரவு, குடும்பத்தில் சாவு, பிளாண்டயர் போகிறேன். செவ்வாய் ஒரு பெண் எடுத்து, அவர் மருத்துவமனையில் இருக்கிறார் என்றாள். அந்தக் குரலுக்குப் பின்னால் அவன் சிரித்துப் பேசும் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அதோடு சரி. அன்றே வாடகைக் கார் பிடித்து லிலோங்வே திரும்பினோம். புதன்கிழமை அவன் முகப்புப் படம் மறைந்தது. இணையதளத்துக்கு எழுதினேன். பேச்சும் பணமும் எங்கள் தளத்துக்கு வெளியே நடந்திருக்கின்றன, எங்களுக்குப் பொறுப்பில்லை என்று இரண்டே வரியில் பதில். பணம் அனுப்பிய நிறுவனத்தில், தொகை பெறப்பட்டுவிட்டது, திரும்பப் பெற வழியில்லை என்றார்கள். காவல் நிலையத்தில் ஒரு பெரிய நோட்டில் எழுதிக்கொண்டு மவா வரச் சொன்னார்கள். வியாழன் போனேன், இன்றும் போனேன். 1,860 டாலர் என்று திரும்பத் திரும்பச் சொல்லி எனக்கே அந்த எண் அருவருப்பாகிவிட்டது.

அவன் சொன்ன வலது ஜன்னலோரத்தில்தான் அப்பா உட்கார்ந்து வந்தார். நாங்கள் போனதோ தெற்கே. ஏரி அவ்வப்போது இடப்பக்கம் எட்டிப் பார்த்ததோடு சரி. சலீமாவைத் தாண்டி வடக்கே ஒரு கிலோமீட்டர்கூடப் போகவில்லை. பண்டாவே இல்லை, இருபது வளைவுகள் இல்லை.

இனி இந்தப் பயணத்துக்குத் திட்டமிடுபவர்களுக்கு விரிவாக எழுத நினைத்துத்தான் தொடங்கினேன். இப்போது முடியவில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். தனிநபர் பெயருக்குப் பணம் அனுப்பாதீர்கள், தம்பி என்றாலும் மேலாளர் என்றாலும். ஒவ்வொரு விடுதியையும் நீங்களே தொலைபேசியில் கூப்பிட்டு உங்கள் பெயர் பதிவேட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். நான் அதற்கு ஐந்து நிமிடம் செலவழித்திருந்தால் போதும். பேசிய வண்டி வராவிட்டால் மாற்று வண்டியின் சாவியைத் தொடாதீர்கள். காப்பீட்டு வில்லையின் தேதியைப் பாருங்கள்.

இணையதளத்தில் அவனுடைய பக்கம் இன்னும் இயங்கிக்கொண்டிருக்கிறது. இன்று மாலை அதே படத்தைப் போட்டிருக்கிறான்: ஏரிக்கரை மணலில் வெள்ளை இரட்டைக் கேபின் வண்டி, கூரையில் பச்சைக் கூடாரம், பின் கதவில் இடது ஓரமாக நீளவாக்கில் ஒரு கீறல். சில நாள்களே மீதம் இருக்கின்றன, விரைந்து பதிவு செய்யுங்கள் என்று எழுதியிருக்கிறான். ஏமாற்றுக்காரன் என்று கீழே எழுதினேன், பத்து நிமிடத்தில் அழித்துவிட்டு என்னைத் தடுத்துவிட்டான். அந்தக் கீறலுள்ள வண்டியின் படம் உங்களுக்கு வந்தால் ஒரு டாலர்கூட அனுப்பாதீர்கள்.