கோத்தகிரியில் மூன்றேகால் வருடம்: மின்சாரக் காரும் அதன் இன்சூரன்ஸும்

2022 ஜூலையில் வாங்கிய கார். இப்போது 64,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நான் மயக்கவியல் மருத்துவர். வீடு கோத்தகிரியில், வேலை கோவையில். வாரத்துக்கு மூன்று நாள் விடியும் முன்பே இறங்கி, இருட்டிய பிறகு ஏறுகிறேன். போக வர 140 கிலோமீட்டர். இந்தப் பாதைக்காகவே கொஞ்சம் பெரிய, பாதுகாப்பான வண்டியாக வேண்டும் என்று வருடக்கணக்கில் சேர்த்து வாங்கியது. வெளிநாட்டுக் கம்பெனி, ஷோரூம் விலை 60 லட்சம். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. நான் சொல்லப்போவது இந்த விலையில் உள்ள எல்லா மின்சாரக் கார்களுக்கும் பொருந்தும்.

எல்லோரும் முதலில் கேட்பது ஏற்றத்தில் இழுக்குமா, சார்ஜ் நிற்குமா என்றுதான். கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 300 சொச்சம். ஆள், சாமானோடு இரண்டரை டன் எடையை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டுமே 10 யூனிட் மின்சாரம் போகும். சாலை உராய்வும் காற்றும் தின்பது தனி. இறங்கும்போது மோட்டாரே வேகத்தைப் பிடித்து மின்சாரம் செய்வதால் நல்ல பங்கு பேட்டரிக்குத் திரும்பி வந்துவிடும். மேலே 100 சதவீதம் ஏற்றிவிட்டு இறங்காதீர்கள். திரும்பி வரும் மின்சாரத்துக்குப் பேட்டரியில் இடம் இருக்காது, மோட்டாரின் பிடிப்பு குறைந்து பிரேக்கையே நம்ப வேண்டிவரும். நான் 80-இல் நிறுத்திவிடுவேன். ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. நான் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது இன்சூரன்ஸைத்தான்.

வண்டி எடுக்கும்போது ஷோரூமில் நீட்டிய பிரீமியம் 2 லட்சத்து 31 ஆயிரம். அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்குப் பாலிசி போட்டுத் தரும் ஏஜென்ட் ஒருவர் கோத்தகிரியில் இருக்கிறார். அவருக்கு போன் செய்தேன். "டாக்டரம்மா, இன்சூரன்ஸ் அவங்ககிட்டதான் எடுக்கணும்னு சட்டம் ஒண்ணும் இல்ல. ஐ.டி.வி.யக் குறைக்காம நான் வாங்கித் தர்றேன், ஒரு நாள் பொறுங்க" என்றார். ஐ.டி.வி. என்பது பாலிசியில் வண்டிக்கு வைக்கும் மதிப்பு; வண்டி முழுதும் போனால் அதுதான் கிடைக்கும். ஷோரூமில் சொன்ன அதே 57 லட்சம் ஐ.டி.வி.க்கு, ஜீரோ டெப் (மாற்றும் பாகத்துக்குத் தேய்மானம் கழிக்காமல் தருவது), ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் (வண்டி முழுதும் போனால் ஐ.டி.வி.க்குப் பதில் வாங்கிய விலையே தருவது) சேர்த்து 1 லட்சத்து 74 ஆயிரத்துக்கு வந்தது. 57 ஆயிரம் மிச்சம் என்ற சந்தோஷத்தில் பாலிசிப் புத்தகத்தைப் பிரித்துப் பார்க்கவில்லை. அந்த நாலு பக்கத்தை அன்றே படித்திருக்க வேண்டும்.

பிரீமியத்தில் இரண்டு பாகம் உண்டு: நம் வண்டியால் பிறருக்கு வரும் பாதிப்புக்கு தேர்ட் பார்ட்டி, நம் வண்டிக்கே வரும் சேதத்துக்கு ஓன் டேமேஜ். தேர்ட் பார்ட்டி பாகத்தை அரசே நிர்ணயிக்கிறது, எந்தக் கம்பெனியிலும் ஒரே தொகைதான். மின்சாரக் காருக்கு சி.சி. கிடையாது, மோட்டாரின் கிலோவாட்தான் கணக்கு. 2022-இல் நிர்ணயித்தபடி 65 கிலோவாட்டுக்கு மேல் என்றால் வருடத்துக்கு 6,712 ரூபாய். 1,500 சி.சி.க்கு மேற்பட்ட பெட்ரோல், டீசல் காருக்கு 7,897. மின்சாரத்துக்கு 15 சதவீதச் சலுகை. புதுக் காருக்கு மூன்று வருடத்துக்கும் சேர்த்து ஒரே தடவையில் கட்ட வேண்டும், 20,907 ரூபாய். இவற்றுக்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. மூன்று வருடம் முடிந்ததும் இந்தப் பாகத்தைத் தனியாகப் புதுப்பிக்க மறக்கக் கூடாது. எனக்கு இந்த ஜூலையில்தான் முடிந்தது. இரண்டு வருடமாக ஓன் டேமேஜ் மட்டும் புதுப்பித்துப் பழகிய கை, அதையே திரும்பச் செய்யப் பார்த்தது. ஏஜென்ட் நினைவுபடுத்தினார்.

கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடுவது ஓன் டேமேஜ் பாகம். சென்னை, பெங்களூரு போன்ற எட்டுப் பெருநகரங்கள் ஒரு மண்டலம், நாட்டின் மற்ற இடமெல்லாம் இன்னொரு மண்டலம். நீலகிரியின் டி.என்.43 பதிவு இரண்டாவதில் வருவதால் கொஞ்சம் குறைவு.

மலையில் இருப்பவர்களுக்கு நிம்மதி தரும் விஷயம் ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். வழக்கமான முழு பாலிசியில் என்னென்ன ஆபத்துக்குக் காப்பீடு என்ற பட்டியலில் நிலச்சரிவும் பாறைச்சரிவும் பெயர் சொல்லியே இருக்கின்றன. வெள்ளம், புயல், ஆலங்கட்டி, உறைபனிகூட இருக்கிறது. மழையில் சில்வர் ஓக் முறிந்து வண்டி மேல் விழுந்தாலும் கிளெய்ம் செய்யலாம். அதே பாலிசியில் இன்னொரு வரியும் இருக்கிறது: மின்சார, இயந்திரக் கோளாறுக்குக் காப்பீடு இல்லை. தீப்பிடித்தால் உண்டு. மின்னல் விழுந்தால் உண்டு. வோல்டேஜ் ஏறி இறங்கி சார்ஜ் ஏற்றும் கருவி தானாகப் பழுதானால் கிடையாது. அதற்குத் தனியாக ஆட் ஆன், அதாவது கூடுதல் காப்பீடு, எடுக்க வேண்டும். இரண்டாம் வருடத்திலிருந்து எடுத்துவருகிறேன். வீட்டுச் சுவரில் மாட்டிய சார்ஜரும் அதில் சேருமா என்று கேட்டு எடுங்கள்.

இனி என் கிளெய்ம். 2023 நவம்பர். கோத்தகிரிச் சரிவுக்கு ஆடி மழையைவிட ஐப்பசி, கார்த்திகை மழைதான் பலமாக விழும். மேற்கே அவலாஞ்சியும் கூடலூரும் தென்மேற்குப் பருவமழையில் நனைகிற மாதிரி எங்களுக்கு வடகிழக்கு. அன்று காலை ஐந்தே முக்கால் மணி, மூடுபனி, தூறல். மேட்டுப்பாளையம் சாலையில் குஞ்சப்பனைக்குக் கொஞ்சம் மேலே ஒரு வளைவைத் திரும்பியதும் மண்ணோடு சரிந்து வந்த கல் ஒன்று சாலை நடுவில் கிடந்தது. உரிக்காத தேங்காய் அளவு. எதிரே பஸ் ஏறி வந்துகொண்டிருந்தது, ஒதுங்க இடமில்லை. சக்கரங்களுக்கு நடுவே விட்டேன். அடியில் டம் என்று ஒரு சத்தம்.

திரையில் எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. வண்டி நன்றாகவே நகர்ந்தது. எட்டு மணிக்கு எனக்கு ஒரு அறுவை சிகிச்சை இருந்தது, அப்படியே ஓட்டிப் போய்விடலாம் என்றுதான் மனம் சொன்னது. போகாமல் நின்றது நான் எடுத்த சரியான முடிவு. மின்சாரக் காருக்குப் பேட்டரி என்பது தரை முழுக்கப் பரப்பிய ஒரு பெட்டி. உள்ளே குளிர்விக்கும் திரவம் ஓடுகிறது. பெட்டியில் விரிசல் விட்டிருந்து, மழைத் தண்ணீர் ஏறி, நாலு நாள் கழித்து பேட்டரி போனால் அதற்குக் காப்பீடு கிடைக்காது. அடிபட்ட வண்டியைச் சரிபார்க்காமல் ஓட்டியதால் வந்த மேற்சேதம் உரிமையாளர் பொறுப்பு என்று பாலிசி நிபந்தனையிலேயே இருக்கிறது. நான் செக்போஸ்ட் அருகே ஒதுக்கி நிறுத்தினேன். கல், சாலை, வண்டியின் அடிப்பக்கம், எல்லாவற்றையும் நேரம் தெரியும்படி படம் எடுத்து, அங்கிருந்தே இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொன்னேன். மருத்துவமனைக்குப் போன் செய்து வேறொருவரை ஏற்பாடு செய்யச் சொல்லிவிட்டேன்.

மின்சாரக் காரைச் சக்கரம் உருளக் கயிறு கட்டி இழுக்கக் கூடாது, மோட்டார் கெடும். முழு வண்டியும் மேலே ஏறும் ஃப்ளாட் பெட் லாரி வேண்டும். நீலகிரியில் என் காருக்கு சர்வீஸ் சென்டர் இல்லை, கோவைக்குத்தான் போக வேண்டும். பாலிசியில் 50 கிலோமீட்டர் வரை இலவசம் என்று இருந்தது. லாரி கோவையிலிருந்து ஏறி வந்து திரும்ப இறங்குவதால் போக வர இரண்டையும் கூட்டி, மிச்சத்துக்கு 7,500 ரூபாய் என்னிடம் வாங்கினார்கள். லாரி வந்து சேர நாலு மணி நேரம். டிரைவர் நல்ல மனிதர். "மேடம், இந்த ரோட்டுல கல்லு விழாத மழை ஏது? நீங்க முன்னாடி உக்காருங்க, ஹீட்டர் போடுறேன்" என்று சொல்லி, வழியில் டீயும் வாங்கித் தந்தார். அடுத்த புதுப்பித்தலில் இழுத்துச் செல்லும் தூரத்தை 150 கிலோமீட்டர் ஆக்கிவிட்டேன். சில நூறு ரூபாய்தான் கூடுதல். மலையில் இருக்கிற எவரும் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

பணிமனையில் தூக்கிப் பார்த்தார்கள். அடிக் கவசம் கிழிந்திருந்தது. அதற்கு மேலே பேட்டரிப் பெட்டியின் அலுமினியத் தட்டில் நாலு மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு குழி. எஸ்டிமேட் வந்தது: முழு பேட்டரியையும் மாற்ற வேண்டும், 24 லட்சத்து 60 ஆயிரம். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்தே இருந்தேன்.

சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய சர்வேயர் மூன்றாம் நாள் வந்தார். வயதானவர், பொறுமையாகப் பேசினார். பாலிசியில் ஜீரோ டெப் பக்கத்தைப் பிரித்து ஒரு வரியைக் காட்டினார். "டயர், டியூப், பேட்டரி நீங்கலாக." நான் ஜீரோ டெப் எடுத்திருந்தேன், ஆனால் பேட்டரி அதில் இல்லை. ஜீரோ டெப் இல்லாத பாகத்துக்குப் பொதுக் கணக்கு: பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரிக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். கண்ணாடிக்குக் கழிவில்லை. ஒரு வருடம் தாண்டிய காரின் உலோகப் பாகத்துக்கு 10 சதவீதம். பெட்ரோல் காரில் ஐயாயிரம், பத்தாயிரம் ரூபாய்ப் பேட்டரியை மனதில் வைத்து எழுதிய வரி அது. என் காரில் அதே சொல் தரைக்கு அடியில் இருக்கும் 24 லட்சத்துக்குப் பொருந்துகிறது. முழுப் பேட்டரியையும் மாற்றினால் 12 லட்சத்து 30 ஆயிரம் என் கையிலிருந்து.

சர்வேயர்தான் வழியும் சொன்னார். உள்ளே உள்ள செல்களுக்கு அடிபடவில்லை என்று நிரூபிக்க முடிந்தால் வெளித் தட்டை மட்டும் மாற்றலாம், காற்றழுத்தச் சோதனையும் மின்காப்புச் சோதனையும் செய்து அறிக்கை தரச் சொல்லுங்கள் என்றார். பணிமனை முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. நான் எழுத்தில் கேட்டேன், இரண்டு தடவை. சோதனையில் கசிவு இல்லை, மின்காப்பும் சரி. தட்டு வெளியூரிலிருந்து வர மூன்று வாரம். பில் 3 லட்சத்து 85 ஆயிரம்.

அதற்குப் பிறகும் ஒரு இழுபறி. அந்தத் தட்டு பேட்டரியின் பாகமா, உலோகப் பாகமா? பேட்டரி என்றால் பாதி கழிப்பார்கள், உலோகம் என்றால் ஜீரோ டெப்பில் முழுதும் கிடைக்கும். கம்பெனி பேட்டரி என்றது. பாகப் பட்டியலில் அந்தத் தட்டுக்குத் தனி எண், தனி விலை இருப்பதைக் காட்டி, கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதினேன். அங்கே தீராவிட்டால் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா இணையதளத்தில் புகார் பதியலாம், அதற்கும் மேல் கம்பெனி சாராமல் புகாரைத் தீர்க்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் சென்னையில் இருக்கிறார், கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம் என்று அதற்குள் படித்து வைத்திருந்தேன். அதுவரை போகவில்லை. 19 நாள் கழித்து உலோகம் என்று ஒத்துக்கொண்டார்கள். கல் விழுந்த நாளிலிருந்து கார் கைக்கு வர 53 நாள். அதுவரை தம்பியின் பழைய ஜீப்பில் போய் வந்தேன்.

2024 ஜூலையில் புதுப்பிக்கும்போது, கிளெய்ம் செய்யாத வருடத்துக்குப் பிரீமியத்தில் கழிக்கும் 20 சதவீத நோ கிளெய்ம் போனஸ் சைபர் ஆனது. அதில் வருத்தமில்லை. அந்த முறை ஐந்து கம்பெனியின் பாலிசி வாசகத்தையும் வரவழைத்துப் படித்தேன். இரண்டில் பேட்டரி நீங்கலாக என்ற அதே வரி. ஒன்றில் மின்சாரக் காரின் பேட்டரிக்கென்று தனி ஆட் ஆன், எழுத்தில் தெளிவாக. அதையே எடுத்தேன், 11 ஆயிரம் கூட. எழுத்தில் இல்லாததை ஏஜென்ட் வாய்வார்த்தையாகச் சொன்னால் நம்ப வேண்டாம். அவர் நல்லவராக இருந்தாலும் கிளெய்ம் தருவது அவர் இல்லை.

2025 மார்ச்சில் இன்னொன்று. இரவு கொட்டகைக்கு வெளியே நிறுத்தியிருந்தேன். தேயிலைக்குள்ளிருந்து வந்த காட்டெருமை ஒன்று உரசிப் போனதில் பின்கதவில் கொம்புக் கோடு, ஒரு பள்ளம். காட்டு மிருகத்தால் வந்த சேதத்துக்கும் கிளெய்ம் உண்டு. ஆனால் சரிசெய்ய 19 ஆயிரம்தான் என்றார்கள். கிளெய்ம் போட்டால் ஜூலையில் வரவேண்டிய 20 சதவீத போனஸ் போகும், அது மட்டுமே 18 ஆயிரத்துக்கு மேல். என் பாலிசியில் ஜீரோ டெப் கிளெய்ம் வருடத்துக்கு இரண்டுதான், மழைக்காலம் முன்னால் இருந்தது. கைக்காசில் முடித்தேன். இப்போது கொட்டகைக்குள்தான் நிறுத்துகிறேன்.

இப்போது என் கவலை வேறு. ஐ.டி.வி. வருடா வருடம் இறங்கும்: இரண்டாம் வருடம் 48 லட்சம், பிறகு 42, இந்த ஜூலையில் 36. அடுத்த ஜூலையில் 30. பழுதுச் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை முழுச் சேதம் என்று முடித்துவிடுவார்கள். 30 லட்சத்தில் 75 சதவீதம் 22 லட்சத்து 50 ஆயிரம். என் பேட்டரியின் விலை 24 லட்சத்து 60 ஆயிரம். அதாவது அடுத்த வருடம் இதே குஞ்சப்பனை வளைவில் இதே கல் பட்டு, பணிமனை முழுப் பேட்டரியையும் மாற்றியே ஆகவேண்டும் என்று நின்றால், நன்றாக ஓடுகிற கார் காகிதத்தில் செத்துப்போகும். ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் இருந்தால் வாங்கிய விலை வரும். ஆனால் என் கம்பெனி அதை மூன்று வருடத்துக்கு மேல் தருவதில்லை.

இரண்டு கேள்வியைக் கம்பெனிக்கு எழுதியிருக்கிறேன். அடுத்த ஜூலையில் ஐ.டி.வி.யை இரு தரப்பும் பேசி 33 லட்சமாக வைத்துக்கொள்ள முடியுமா (அதில் 75 சதவீதம் பேட்டரி விலையைத் தாண்டிவிடும்)? பேட்டரி ஆட் ஆனில், முழுப் பேட்டரியையும் மாற்றும் முன் தட்டு, செல் தொகுதி என்று பிரித்துப் பழுது பார்ப்பதற்கு முன்னுரிமை தருவார்களா? முதலாவதற்கு முடியும், பிரீமியம் கூடும் என்று ஏஜென்ட் கேட்டுச் சொன்னார். எழுத்தில் வரட்டும் என்றிருக்கிறேன். இரண்டாவதற்கு இன்னும் பதில் இல்லை. கார்த்திகை மழை தொடங்கிவிட்டது. அடிக் கவசத்துக்கு மேல் மூன்று மில்லிமீட்டர் அலுமினியத் தகடு ஒன்று போட, காரின் வாரண்டிக்குப் பாதகமில்லை என்ற கடிதம் போன வாரம்தான் கைக்கு வந்தது. வியாழக்கிழமை மாட்டுகிறார்கள். அதையும் படத்தோடு இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவித்து, பாலிசியில் பதியச் சொல்லியிருக்கிறேன்.