ஜன்னலை அடைப்பதா, திறப்பதா? பழவேற்காட்டுக்கு ஒரு விருந்தினர் வண்டி

திருவொற்றியூரில் நாங்கள் பஸ் பாடி கட்டும் பட்டறைக்கு வெளியே கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும். போன மாதம் வந்த ஒரு விடுதிக்காரர் அவற்றில் ஒன்றைக் காட்டி, “இதைப் போல ஜன்னலே இல்லாத பெட்டி வேண்டும். உள்ளே இருப்பவர்கள் கப்பலில் போவதாக நம்ப வேண்டும்” என்றார். பழவேற்காட்டின் டச்சுத் துறைமுகக் காலத்தைக் கதையாக வைத்து விடுதி கட்டுகிறார். விம்கோ நகர் மெட்ரோவில் இறங்கியவுடன் விருந்தினருக்குக் கதை தொடங்கிவிட வேண்டுமாம். வழியில் தெரியும் லாரிகளும் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளும் அதைக் கெடுத்துவிடும் என்பது அவர் கவலை.

அவர் மனத்தில் இருந்தது புளோரிடாவில் டிஸ்னி நடத்திய கேலக்டிக் ஸ்டார்க்ரூசர். 2022 மார்ச்சில் திறந்து, 2023 செப்டம்பரில் மூடிய, விண்கப்பல் போல அமைத்த விடுதி அது. அங்கிருந்து பக்கத்துப் பூங்காவுக்கு விருந்தினரை ஏற்றிச் சென்றது ஜன்னல் இல்லாத ஒரு லாரிப் பெட்டிதான். சரக்கு இறக்கும் மேடையில் லாரி பின்பக்கமாக ஒட்டி நிற்பதுபோல, அது கட்டடத்தின் வாசலோடு பொருந்தி நிற்கும். ஏறுகிறவர் வண்டியின் வெளிப்புறத்தைப் பார்ப்பதே இல்லை. ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போவதாகவே உணர்வார். எளிமையான, அருமையான வேலை. அந்த இணைப்பு வாசலை நான் எந்த வண்டியிலும் வைக்கத் தயார்.

ஆனால் அது சில நிமிடப் பயணம். பழவேற்காட்டுக்கோ மீஞ்சூர், பொன்னேரி வழியாக ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். அடைத்த பெட்டிக்குள் கண் அசையாத சுவரைப் பார்க்கும். உள்காதோ ஒவ்வொரு திருப்பத்தையும் பள்ளத்தையும் உணரும். இரண்டும் முரண்படும்போதுதான் குமட்டல் வருகிறது. நம் சாலையில், இரும்புப் பட்டைகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங் வைத்த சேசிஸில், மணலிப் புதுநகர் தாண்டுவதற்குள் குழந்தைகள் வாந்தி எடுத்துவிடுவார்கள். பஸ் பாடிக்கான ஏ.ஐ.எஸ். 052 விதிகளின்படி அவசர வழிகளும் கட்டாயம் வேண்டும். அவற்றைத் திரை போட்டு மறைக்க நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன்.

அடுத்து, ஜன்னல் இருக்கும் இடத்தில் படம் ஓடும் திரை வைக்கும் வழி. ஆர்லாண்டோவின் யுனிவர்சல் பூங்காக்களில் 2014 முதல் ஓடும், ஹாரி பாட்டர் கதையில் வரும் ஹாக்வார்ட்ஸ் எக்ஸ்பிரஸ் இதற்கு நல்ல உதாரணம். பார்க்க நீராவி ரயில். உண்மையில் கம்பிவடம் இழுக்கும் வண்டி. ஜன்னலில் ஓடுவது படம். போகும்போது ஒரு காட்சி, திரும்பும்போது வேறு. வண்டியின் வேகமும் பாதையும் தினமும் ஒன்றே என்பதால் படம் அசைவோடு பொருந்துகிறது; பயணமும் சுமார் நான்கு நிமிடம்தான். நம் சாலையில் ஒரு லாரி குறுக்கே வந்து டிரைவர் பிரேக் போட்டால், படத்திலுள்ள கப்பல் மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருக்கும். வண்டியின் அசைவைப் படிக்கும் சென்சார் வைத்துச் சரிசெய்யலாம்தான். அந்தப் பணத்தைக் குலுக்கலைக் குறைக்கும் ஏர் சஸ்பென்ஷனில் போடுவதே மேல்.

மூன்றாவது, தோக்கியோ டிஸ்னி ரிசார்ட்டின் மோனோரயில். 2001-இல் வந்தது, சுமார் 5 கிலோமீட்டர் வட்டப்பாதை, நான்கு நிலையங்கள். ஜன்னலும் கைப்பிடி வளையமும் மிக்கி மவுஸ் வடிவில் இருக்கும். கண்ணாடி வழியே தெரிவது உண்மையான ஊர். அது எதையும் மறைப்பதில்லை. எனக்குப் பிடித்தது இதுதான்.

டச்சுக்காரர்கள் 1613-இல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையின் சாயத் துணிகளை இங்கிருந்து கப்பலேற்றிக் கிழக்குத் தீவுகளின் வாசனைப் பொருள்களுக்கு மாற்றினார்கள். இன்று எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்குச் சரக்கு கொண்டுபோகும் லாரிகள் அதே தொழிலின் இன்றைய முகம். அவற்றை மறைத்தால் கதையின் பாதியை மறைத்ததாகும். இந்தச் சாலையில் பிழைக்கிற எங்களைப் பார்க்கக் கூடாத பொருளாக்குவதும் எனக்கு வலிக்கிறது.

கடைசி மைலுக்கு நிஜப் படகு வைக்கலாமே என்றார் அவர். 2011 டிசம்பரில் பழவேற்காடு ஏரியில் சுற்றுலாப் பயணிகளின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டேன்.

நான் அனுப்பிய வரைபடத்தில் வலப்பக்க ஜன்னல்கள் பெரியவை. வடக்கே போகும்போது கடல் இருக்கும் திசை அது. உள்ளே மரப்பலகை, கயிறு, பித்தளை விளக்கு. கொசஸ்தலையாற்றுப் பாலத்தில் டிரைவர் வேகத்தைக் குறைப்பார். கதை சொல்பவர் அங்கேதான் முதன்முதலாக 1613 என்று சொல்வார். விடுதி வாயிலுக்கு 300 மீட்டர் முன்னால் மரக்கதவுகள் ஜன்னல்களை மூடும். பின்வாசல் விடுதியின் கிடங்கு வாசலோடு பொருந்தி நிற்கும். கதவு திறந்ததும் முதலில் வரவேண்டியது ஏலக்காய் வாசனை.