துரை பங்களா ஸ்டவ்வுக்கு ஏல விலை கொடுக்கலாமா?

குமுளி, வண்டிப்பெரியாறு, மூணாறு பக்கத்து ஆக்கிரிக் (பழைய சாமான்) கடைகளில் பித்தளை பம்ப் ஸ்டவ் ஒன்று வந்து விழுந்தால், இப்போதெல்லாம் அது நேராகத் தராசுக்குப் போவதில்லை. கடைக்காரர் முதலில் போனை எடுக்கிறார். வெளிநாட்டு ஏலத் தளத்தில் அதே போல ஒன்று 400 டாலர், 600 டாலர் என்று கிடக்கிறது. "தொரை பங்களா சாமானுண்ணே" என்று சொல்லி, அதே கணக்கில் நம்மிடம் விலை பேசுகிறார்.

முதல் கோளாறு அங்கேதான். அவர் பார்த்தது கேட்கிற விலை. யாரும் வாங்காமல் மாதக்கணக்கில் தொங்குகிற பொருளுக்கும் அந்த விலைதான் எழுதியிருக்கும். ஈபேயில் தேடும்போது "விற்றவை" என்ற வடிகட்டியைப் போட்டால் மட்டுமே உண்மையில் கைமாறிய தொகை தெரியும். அப்படிப் பார்த்தால் ஸ்வேயா 123 மாதிரி அடிக்கடி வரும் அடுப்பு, பெட்டி இல்லாமல், ஓடுகிற நிலையில், பெரும்பாலும் 100 டாலரைச் சுற்றித்தான் முடிகிறது. சில ஏலங்கள் அதைப் போல மூன்று நான்கு மடங்கு ஏறுவதும் உண்மை. ஏலத் தளம் உங்கள் உச்ச விலையை ரகசியமாக வைத்துக்கொண்டு, இரண்டாவது ஆளின் விலைக்கு ஒரு படி மேலே நிறுத்தும். ஆகவே ஒரே ஒரு பைத்தியக்காரரால் விலை ஏறாது, இரண்டு பேர் வேண்டும். அந்த இரண்டாமவர் அடுத்த வாரம் வரவில்லையென்றால் அதே அடுப்பு பாதி விலைக்குப் போகும். ஒற்றை ஏலத்தை வைத்து மதிப்புப் போடுவது அதனால்தான் தவறு.

சேகரிப்பவர்கள் எதற்குக் காசு கொட்டுகிறார்கள் என்றால், சமையலுக்காக அல்ல, முழுமைக்காக. பிரைமஸ் 96 ஒரு தகரப் பெட்டிக்குள் அடங்கும் சின்ன அடுப்பு. டேங்க், பர்னர், கழற்றி மாட்டும் மூன்று கால், மேல் வளையம், ஸ்பிரிட் டப்பா, ஸ்பேனர், பர்னர் துளையைக் குத்தும் பின் என்று எல்லாம் உள்ளே இருந்தால் ஒரு விலை. இரண்டு உருப்படி குறைந்தால் விலை சட்டென்று இறங்கும். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க ராணுவம் சுமந்த கோல்மேன் 520-க்கும் இதே நியாயம்தான். அதன் அலுமினிய உறை இரண்டாகப் பிரிந்து சமைக்கும் பாத்திரமாகும். உறை இல்லாத 520 அரை அடுப்பு. பெயிண்ட், நிக்கல் பூச்சு, ஒட்டுப்படம், பழைய அச்சடித்த காகிதம் ஆகியவை இருந்தபடியே இருந்தால்தான் பெரிய தொகை.

இங்கேதான் நம்மூர்ப் பழக்கம் குறுக்கே வருகிறது. பித்தளை என்றால் புளி போட்டுத் தேய்க்காமல் நமக்குத் தூக்கம் வராது. வெறும் பித்தளை டேங்க்கை லேசாகத் தேய்ப்பதில் பெரிய நஷ்டமில்லை. நன்றாகக் கழுவித் துடைத்தால் போதும். பாலிஷ் பட்டறையில் பஃபிங் வீலில் பிடித்தால்தான் வினை. அடிப்பாகத்தில் குத்திய எழுத்து மழுங்கிவிடும். பிரைமஸில் செய்த ஆண்டை அங்கே குத்தியிருக்கும் எழுத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். அது போனால் அடுப்புக்குப் பிறப்புச் சான்றிதழ் போன மாதிரி.

பிரைமஸ் நம்பர் 1-தான் இந்த மலைப்பக்கம் அதிகம் வரும் வெளிநாட்டுச் சரக்கு. ஸ்வீடனில் லிண்ட்க்விஸ்ட் 1892-இல் கொண்டுவந்த திரியில்லா அடுப்பின் வழி வந்தது. அமுண்ட்சென் 1911-இல் தென்துருவத்துக்கும், ஹிலாரியும் டென்சிங்கும் 1953-இல் எவரெஸ்ட்டுக்கும் பிரைமஸ்தான் கொண்டுபோனார்கள். இந்தக் கதையைச் சொல்லி விலையேற்றாதவர் கிடையாது. ஆனால் நம்பர் 1 லட்சக்கணக்கில் செய்து விற்ற வீட்டடுப்பு. கால் டேங்க்கோடு சேர்த்து ஒட்டியது, மடங்காது, பையில் அடங்காது. அபூர்வம் என்று சொல்லிக் கேட்டால் சிரித்துவிட்டு எடை விலைக்குக் கொஞ்சம் மேலே கொடுங்கள்.

வாங்குமுன் பார்க்க வேண்டியதில் முக்கியமானது டேங்க் விரிசல். தகடாக அழுத்தி வளைத்தெடுத்த பித்தளைக்கு அம்மோனியா ஆகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவில் பிரிட்டிஷ் ராணுவம் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த தோட்டாக்களின் பித்தளை உறைகள் தானாகவே விரிசல் விட்டுப் பிளந்தன. காரணம் குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியா. இடுக்கி மழையில், மாட்டுத் தொழுவத்துப் பரணிலோ யூரியா மூட்டை பக்கத்திலோ முப்பது வருடம் கிடந்த ஸ்டவ்வுக்கும் அதே கதி வரலாம். விரிசல் மயிரிழையாக இருக்கும். அடி மடிப்பிலும் மூடி வாயைச் சுற்றியும் வரும். கண்ணுக்குத் தெரியாது. அந்த இடத்தில் மண்ணெண்ணெய் தடவி, பத்து நிமிடம் விட்டு, துணியால் சுத்தமாகத் துடைத்து, சாக்பீஸ் பொடியோ திருநீறோ மெல்லத் தூவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து பொடியில் கோடாக நனையும். கோடு தெரிந்தால் அந்த அடுப்பு ஷோகேஸுக்கு மட்டும். ஈயம் வைத்து ஒட்டு போட்ட டேங்க்கும் அப்படியே.

பொடிச் சோதனையில் தேறினால், கையால் பம்ப் அடித்து வாளித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பாருங்கள். பஞ்சர் கடை கம்ப்ரஸரில் காற்றடித்துப் பார்க்க வேண்டாம், கைப்பம்புக்கு மேற்பட்ட அழுத்தத்துக்கு இது செய்யப்படவில்லை.

மற்ற கோளாறுகள் எல்லாம் சில்லறைச் செலவு. பம்ப் அடிக்கும்போது எதிர்ப்பே இல்லையென்றால் தோல் வாஷர் காய்ந்திருக்கிறது. கழற்றி விளக்கெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறவையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே உறையும், மூணாறு விடியற்காலையில் பம்ப் நகராது. புது வாஷர் செருப்புத் தைப்பவரிடம் வெட்டிக்கொள்ளலாம். கிண்ணம் போன்ற அந்த வாஷரின் வாய் கீழ்நோக்கி இருக்க வேண்டும், தலைகீழாக மாட்டினால் காற்றே ஏறாது. அடித்தபின் பம்ப் கைப்பிடி தானாக மேலே எழும்பினால் கீழ் வால்வில் கோளாறு. அதற்குள் இருக்கும் மிளகளவு கார்க்கோ ரப்பரோ தேய்ந்திருக்கும். சைக்கிள் ட்யூபை வெட்டிப் போடுவார்கள். அந்த ரப்பர் மண்ணெண்ணெயில் ஊதிப்போகும், சில வாரத்தில் மறுபடி அதே தொல்லை. நைட்ரைல் ரப்பர் கேட்டு வாங்குங்கள். வால்வைக் கழற்ற நீளமான தனிச் சாவி வேண்டும். கம்பம், போடி பஜாரில் பெட்ரோமாக்ஸ் பார்க்கிற பழைய கைகளிடம் அது இருக்கும். ஸ்க்ரூ டிரைவரை வைத்து நெம்பினால் வால்வு தலை உடைந்து குழாயோடு நின்றுவிடும். பர்னர் இணைப்பில் தீ கசிந்தால் ஈய வாஷரை மாற்ற வேண்டும்.

பற்றவைப்பது எளிது, அவசரப்பட்டால்தான் ஆபத்து. டேங்க்கில் முக்கால் அளவு வடிகட்டிய மண்ணெண்ணெய், மீதி இடம் காற்றுக்கு. காற்றுத் திருகைத் திறந்து வைத்து, பர்னருக்குக் கீழே உள்ள கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்துங்கள். அது அணையப்போகும் நேரத்தில் திருகை மூடி பம்பில் நாலைந்து அடி. நீலத் தீ இரைச்சலோடு நின்றால் சரி. மஞ்சளாகப் பாய்ந்தால் பர்னர் சூடேறவில்லை, எண்ணெய் ஆவியாகாமல் அப்படியே வருகிறது. உடனே திருகைத் திறந்து காற்றை விடுங்கள். தீ ஒரு பக்கமாகச் சாய்ந்தால் துளையில் அடைப்பு, பின் போடுங்கள். துளை ஏறத்தாழ 0.3 மி.மீ., தடித்த கம்பியால் குடைந்தால் பெரிதாகிப் புகை கக்கும். மண்ணெண்ணெய் கிடைக்கவில்லையே என்று இதில் பெட்ரோல் ஊற்றினால் வெடிகுண்டு.

ஸ்வேயா 123 வேறு ஜாதி: பெட்ரோல் அடுப்பு, பம்பே கிடையாது, தன் சூட்டிலேயே அழுத்தம் எடுக்கும். அரைக் கிலோ எடை, மூடியே சின்னப் பாத்திரம். கையில் வைத்துப் பார்க்க இதைவிட அழகான சாமான் இந்த வகையில் இல்லை. ஆனால் டேங்க் மூடியில் உள்ள பாதுகாப்பு வால்வின் ரப்பர் பழசாகிக் கல்லாகியிருக்கும். தப்பான நேரத்தில் திறந்தால் அங்கிருந்து தீ பீறிடும். இன்றைய பங்க் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால், பழைய ரப்பருக்கு அதுவும் எதிரி. வால்வு மாற்றாமல் பற்றவைக்காதீர்கள். ஏலத்தில் எடுப்பதென்றால் தபால் செலவு, சுங்கவரி இரண்டையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். எண்ணெய் வாடை அடித்தால் கூரியர்காரர்கள் பார்சலையே தொடமாட்டார்கள். விற்பவர் டேங்க்கைக் காலி செய்து உலர்த்தியிருக்கிறாரா என்று முன்னாலேயே கேளுங்கள்.

கேம்புக்கு டீ போடத்தான் வேண்டும் என்றால் நம்மூர்ப் பித்தளை பம்ப் ஸ்டவ் போதும். பழைய பாத்திரக்கடையில் பித்தளை எடைக்குக் கொஞ்சம் மேலே கிடைக்கும், வாஷரும் பின்னும் உள்ளூரிலேயே கிடைக்கும். பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் மட்டும் எதையும் பற்றவைக்க நினைக்காதீர்கள்.

பரணில் கிடப்பதை வெளிநாட்டுக்கு விற்று லாபம் பார்க்க நினைப்பவர்கள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தையும் கவனிக்க வேண்டும். நூறு ஆண்டுக்குக் குறையாத கைவினை, அறிவியல் சார்ந்த பொருள்கள் அதன் வரையறைக்குள் வரும், தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. 1920-க்கு முந்தைய பிரைமஸ் என்று பெருமையாக விளம்பரம் எழுதிவிட்டுப் பார்சல் அனுப்பினால், அந்த விளம்பரமே சுங்கத்தில் உங்களுக்கு எதிரான சாட்சி. சந்தேகமான வயதுப் பொருளுக்குத் தொல்லியல் துறையிடம் "தொல்பொருள் அல்ல" என்ற சான்று வாங்கிய பிறகே ஏலத்தில் போடுங்கள்.