தினமும் ஸ்டேட்டஸ் காலா, வாரம் ஒரு தனிப்பேச்சா?

ஒன்பது பேர் கொண்ட சாஃப்ட்வேர் டீம் ஒன்றை நான் பார்த்துக்கொள்கிறேன். சென்னை ஓஎம்ஆரில் ஆபீஸ். வாரத்தில் மூன்று நாள் நேரில், மீதி இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை. பதினான்கு மாதம் முன்பு வரை எங்களுக்குத் தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேட்டஸ் கால் உண்டு; எல்லோரும் சேர்ந்து, அவரவர் வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் கூட்டம். அதை வாரம் இரண்டாகக் குறைத்துவிட்டு, ஒவ்வொருவரோடும் வாரம் அரை மணி நேரம் தனியாகப் பேசுவது என்று மாற்றினேன். ஒன்-ஆன்-ஒன் என்று சொல்வார்களே, அதுதான். புதிதாக லீட் ஆகிற நண்பர்கள் சிலர் இந்த இரண்டில் எதைப் பிடித்துக்கொள்வது என்று கேட்டார்கள். நான் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறேன் என்பது மேலே சொன்னதிலேயே தெரிந்திருக்கும். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததை வேகமாகக் கடந்துவிடலாம். தினசரி கால் இருந்தால் யார் எதில் இருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். கிளையன்ட் திடீரென்று கேட்டால் கையில் பதில் இருக்கும். தனியாகப் பேசினால் ஆளைப் புரிந்துகொள்ளலாம்; வேலையை விட்டுப் போகிற எண்ணம் இருந்தால்கூட முன்னாலேயே வாசனை வரும். இதில் யாருக்கும் சண்டை இல்லை.

நேரக் கணக்கைப் பார்த்தால் பலர் நினைப்பதற்கு நேர்மாறாக வருகிறது. ஒன்பது பேருக்கு ஆளுக்கு அரை மணி என்றால் வாரம் நாலரை மணி நேரம் என் கையிலிருந்து போகிறது. அவர்கள் நேரத்தையும் சேர்த்தால் மொத்தம் ஒன்பது மணி. எங்கள் ஸ்டேட்டஸ் கால் பெயருக்குத்தான் பதினைந்து நிமிடம். உண்மையில் நாற்பது நிமிடம் ஓடும். பத்து பேர், நாற்பது நிமிடம், ஐந்து நாள்: வாரத்துக்கு 33 மணி நேரத்துக்கும் மேல். ஆனால் ஒன்-ஆன்-ஒன்னின் சுமை லீடின் காலண்டரில் மட்டும் விழுவதால் அதுதான் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறது.

சாஃப்ட்வேர் வேலையைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்துச் செய்யும் ஸ்க்ரம் முறையை இங்கே குறை சொல்லவில்லை. அந்த முறையின் வழிகாட்டியில் தினசரிச் சந்திப்பு என்பது வேலை செய்கிறவர்கள் தங்களுக்குள் அன்றைய நாளைத் திட்டமிட்டுக்கொள்வதற்கான பதினைந்து நிமிடம். மேலே இருப்பவருக்கு ஒப்பிக்கிற நேரம் அல்ல. ‘நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், தடை என்ன’ என்ற மூன்று கேள்விகளையும் 2020 பதிப்பில் எடுத்தே விட்டார்கள். ஆனால் நான் வேலை பார்த்த எல்லா இடத்திலும் அந்த மூன்று கேள்விகள்தான் இன்னும் ஓடுகின்றன. வரிசையாக ஆஜர் சொல்கிற மாதிரி ஒவ்வொருவராகச் சொல்வார்கள். மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பார்கள். நான் இங்கே ஒப்பிடுவது நடைமுறையில் ஓடும் அந்த ஸ்டேட்டஸ் கால்-ஐத்தான், வழிகாட்டியில் இருப்பதை அல்ல.

சரி, நான் மாறியதற்குக் காரணமான சம்பவத்துக்கு வருகிறேன்.

ஒரு காப்பீட்டு கிளையன்டுக்காகப் பழைய சிஸ்டத்திலிருந்து பாலிசி விவரங்களைப் புதியதற்கு மாற்றும் வேலை. இரண்டு வருட அனுபவம் உள்ள ஒரு தம்பியிடம் அது இருந்தது. பதினொரு நாள் தொடர்ந்து கால்-இல் ஒரே பதில்: ‘போயிட்டு இருக்கு, பிளாக்கர் எதுவும் இல்ல.’ பிளாக்கர் என்றால் வேலையை நிறுத்தும் தடை. வியாழக்கிழமை டெலிவரி. புதன்கிழமை மாலை ஆறு மணிக்கு என் இடத்துக்கு வந்து நின்றான். முகமே சொல்லிவிட்டது.

பழைய சிஸ்டத்தில் தேதிகள் இரண்டு விதமாகப் பதிவாகியிருந்தன. ஒரு பகுதியில் நாள் முதலில், இன்னொரு பகுதியில் மாதம் முதலில். நாள் பன்னிரண்டுக்கு மேல் இருந்தால், விவரங்களை மாற்றும் சிறு நிரலான ஸ்க்ரிப்ட் எரர் கொடுத்து நின்றுவிடும், கண்டுபிடித்துவிடலாம். பன்னிரண்டும் அதற்குக் கீழும் இருந்தால்தான் ஆபத்து. மூன்றாம் மாதம் நான்காம் தேதி என்பது நான்காம் மாதம் மூன்றாம் தேதியாகச் சத்தமில்லாமல் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். பாலிசி காலாவதியாகும் நாளே மாறிப்போகும். எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது.

அவனுக்கு அது நான்காம் நாளே தெரியும். தன் ஸ்க்ரிப்ட்டில்தான் கோளாறு என்று நினைத்து, ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து தானே சரி செய்யப் பார்த்திருக்கிறான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு அவன் சொன்னது: “கால்ல எல்லாரும் ஆன் ட்ராக், ஆன் ட்ராக்னு சொல்லிட்டே வராங்க. என் முறை வரும்போது நான் மட்டும் எப்படிச் சொல்றது?”

தினமும் பேசினோம். பதினொரு நாளில் பதினொரு முறை கேட்டேன். அவன் பொய் சொல்கிற ஆள் இல்லை. ஆனால் பூசி மெழுகுவதைத் தவிர வேறு வழி இல்லாத ஓர் இடத்தில் அவனைத் தினமும் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன். டெலிவரி எட்டு நாள் தள்ளிப்போனது.

அதிலிருந்து நான் ஒரே ஒரு அளவுகோலைத்தான் பார்க்கிறேன்: கெட்ட செய்தி என்னிடம் வந்துசேர எத்தனை நாள் ஆகிறது? டீம் என்னை நம்புகிறதா என்பதை அறிய இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை. டீம் லஞ்ச், பிறந்தநாள் கேக், வருடக் கடைசியில் வரும் சர்வே எல்லாம் இருக்கட்டும். ஒருவர் பிரச்சினையைப் பார்த்த நாளுக்கும் என்னிடம் சொன்ன நாளுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் இந்த இரண்டு தேதிகளையும் எழுதி வருகிறேன். ஸ்டேட்டஸ் கால் மட்டும் இருந்த காலத்துப் பிரச்சினைகளில் நினைவுக்கு வந்த ஆறைத் திரும்பிப் பார்த்து எழுதினேன். பெரும்பாலும் ஒரு வாரத்துக்கு மேல். இப்போது அநேகமாக மூன்று நாளுக்குள். சிறிய டீம், சில டஜன் பதிவுகள்தான், ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வித்தியாசத்தை நான் என் தூக்கத்தில் உணர்கிறேன்.

இந்த அளவுகோல் என் சொந்தச் சரக்கு அல்ல. ஹார்வர்டில் இருக்கும் ஏமி எட்மண்ட்சன், மருத்துவமனை டீம்களில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். 1996-ல் அது வெளியானது. நல்ல டீமில் தவறு குறைவாக இருக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்போம். கணக்கில் வந்தது தலைகீழ்: நல்ல தலைமை உள்ள டீம்களில் பதிவான தவறுகள் அதிகம். அவர்கள் அதிகமாகத் தவறு செய்ததாக அதற்கு அர்த்தம் இல்லை. செய்ததை வெளியே சொன்னார்கள். மற்ற இடங்களில் தவறு உள்ளேயே புதைந்தது. இதைப் படித்த பிறகு ‘பிளாக்கர் இல்ல’ என்று ஒன்பது பேரும் சொல்லும் காலை நேரம் எனக்கு நிம்மதி தருவதில்லை.

என் வாதத்துக்கு எதிராக ஒன்றையும் வைத்துவிடுகிறேன். 2006-ல் ஆலன் முலாலி ஃபோர்டு நிறுவனத்தின் தலைவரானார். அந்த வருடம் நட்டம் 1200 கோடி டாலருக்கும் மேல். அவர் வாரா வாரம் எல்லா மூத்த அதிகாரிகளையும் ஒரே மேசையில் கூட்டி, ஒவ்வொரு வேலைக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் காட்டச் சொன்னார். கம்பெனி நட்டத்தில் மூழ்கிக்கொண்டிருக்க, மேசைக்கு வந்த தாள்கள் எல்லாம் பச்சை. பிறகு ஒரு நாள் அமெரிக்கப் பிரிவைப் பார்த்த மார்க் ஃபீல்ட்ஸ் ஒரு சிவப்பைக் காட்டினார். புது மாடல் கார் ஒன்றின் வெளியீடு சிக்கலில் இருந்தது. அறையே அமைதியாக இருக்க, முலாலி கை தட்டினார். அப்புறம்தான் மற்றவர்களும் சிவப்பு காட்டத் தொடங்கினார்கள்.

ஆக, எல்லோரும் கூடியிருக்கும் கூட்டத்திலேயே நம்பிக்கையைக் கட்டியவர் இருக்கிறார். தனிப்பேச்சு இல்லாமல் முடியாது என்று சொல்ல முடியாது. ஆனால் அங்கே முதல் சிவப்பைக் காட்டியவர் ஒரு பெரிய பிரிவின் தலைவர். எங்கள் தம்பிக்கு இரண்டு வருட அனுபவம், வீட்டுக்கடன், அடுத்த மாதம் அப்ரைசல். முதல் சிவப்பைக் காட்ட அவனுக்குக் கூட்டத்தைவிட மலிவான இடம் தேவை. கதவு சாத்திய அறையில், ஒரே ஒருவர் முன்னால் சொல்வது அவனுக்குக் கட்டுப்படியாகும். அங்கே பழகிய பிறகு கூட்டத்திலும் சொல்ல வரும். எங்கள் டீமில் அதுதான் நடந்தது. நாலைந்து மாதம் கழித்து, டெஸ்டிங் பார்க்கும் பெண் ஒருவர் எல்லோர் முன்னாலும் “இது வெள்ளிக்கிழமைக்கு முடியாது, நான் தப்பாக் கணக்குப் போட்டுட்டேன்” என்று சாதாரணமாகச் சொன்னார். அடுத்தவர் தன் வேலையைச் சொல்லத் தொடங்கினார். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டு முறையிலும் முடிவு செய்வது கெட்ட செய்தி கேட்டதும் லீட் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியம். என்னுடையது நெடுநாள் “எப்பத் தெரிஞ்சது?” என்பதாக இருந்தது. விவரம் கேட்கிறேன் என்றுதான் நான் நினைத்தேன். கேட்பவர் காதில் அது போலீஸ் விசாரணை. இப்போது “சரி, சொன்னது நல்லது. உங்களுக்கு என்ன வேணும்?” என்கிறேன். தேதியைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

கேள்வியும் முக்கியம். ‘எப்படிப் போகுது?’ என்றால் ‘நல்லா போகுது’ என்று வரும், அவ்வளவுதான். ‘இப்ப கையில இருக்கிறதுல எது உங்களுக்குக் கொஞ்சம் பயமா இருக்கு?’ என்று கேட்டால் சிறிது நேரம் அமைதி. அந்த அமைதியை நிரப்பாமல் காத்திருக்க வேண்டும். சிப் தயாரிக்கும் இன்டெல் நிறுவனத்தை நடத்திய ஆண்டி குரோவ், ஒன்-ஆன்-ஒன் என்பது மேலாளரின் கூட்டம் அல்ல, அவருக்குக் கீழே வேலை செய்பவரின் கூட்டம் என்றார். என்ன பேசுவது என்பதை அவர்தான் கொண்டுவர வேண்டும். நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். என் பட்டியல் எதுவும் முதல் இருபது நிமிடத்தில் வராது.

பராமரிப்புதான் இதில் கஷ்டம். ஸ்டேட்டஸ் கால் ஒருநாள் இல்லையென்றால் எல்லோருக்கும் சந்தோஷம். ஒருவரின் ஒன்-ஆன்-ஒன்னை நான் ரத்து செய்தால், அவர் மனதில் ‘எனக்குக் கடைசி இடம்’ என்று பதிகிறது. தொடர்ந்து இரண்டு வாரம் ஒருவருடையதைத் தள்ளினேன். மூன்றாம் வாரம் அவர் எட்டு நிமிடத்தில் பேசி முடித்துவிட்டார். பழைய நிலைக்கு வர இரண்டு மாதம் ஆனது. இன்னொரு பொறுப்பும் உண்டு: அந்த அறையில் கேட்டது அப்ரைசல் குறிப்பில் ஏறக்கூடாது. ‘எனக்கு இந்த மாட்யூல் புரியல’ என்று ஒருவர் சொன்னதை வருடக் கடைசியில் அவருக்கு எதிராக எழுதினால், அதோடு ஒன்பது பேரிடமும் கதை முடிந்தது. டீமில் எல்லாம் பரவும்.

கணினியில் மவுஸ் அசைவையும் திரையையும் கண்காணிக்கும் மென்பொருளை மூன்றாவது வழியாகச் சிலர் சொல்கிறார்கள். அதற்கு ஒரு பத்தி போதும். கண்காணித்தால் அசைவு கிடைக்கும், வேலை கிடைக்காது. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி 2024-ல், விசைப்பலகை இயங்குவதுபோல் பாசாங்கு செய்ததாகப் பத்துக்கும் மேற்பட்டோரை வேலையிலிருந்து நீக்கியது. நம் தேதிக் கோளாறை அந்த மென்பொருள் காட்டியிருக்காது. அந்தத் தம்பி ராத்திரி பன்னிரண்டு வரை தட்டிக்கொண்டே இருந்தான். திரையில் அவன்தான் சிறந்த ஊழியன்.

தினசரி கால் தெளிவாக ஜெயிக்கும் இடங்களும் உண்டு. ரிலீஸ் வாரத்தில் நாங்கள் அதற்கே திரும்பிவிடுகிறோம், பத்து நிமிடம், நின்றபடி. ஒருவர் முடித்தால்தான் அடுத்தவர் தொடங்க முடியும் என்ற நிலையில் வாரத்துக்கு ஒருமுறை பேசுவது போதாது. ஷிஃப்ட் மாறும் சப்போர்ட் டீமுக்கு என் முறை பொருந்துமா என்று சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் இல்லை. அங்கே கைமாற்றிக் கொடுக்கும் பேச்சு தினமும் வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. பன்னிரண்டு பதின்மூன்று பேருக்கு மேல் போனாலும் வாரா வாரம் அரை மணி தாங்காது; பக்கத்து டீம் லீட் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று வைத்திருக்கிறார், பரவாயில்லை என்கிறார்.

கல்லூரி முடித்து நேராக வருகிறவர்கள் விஷயத்தில் எனக்கே குழப்பம்தான். போன ஜூலையில் சேர்ந்த இருவருக்கும் தினமும் மாலை பத்து நிமிடம் தனியாகக் கொடுத்தேன். ஒருவருக்கு அது நன்றாக உதவியது. இன்னொருவர், தினமும் கேட்பதையே தன் மேல் சந்தேகம் என்று எடுத்துக்கொண்டார். மூன்றாவது வாரம் அவரே அதை ஒன்-ஆன்-ஒன்னில் சொன்னார். உடனே நிறுத்திவிட்டேன். இந்த ஜூலையில் வருகிறவர்களிடம் எவ்வளவு அடிக்கடி வேண்டும் என்று முதல் நாளே கேட்டுவிடப் போகிறேன்.