கோவில் கணக்கில் ஐந்து வருட டேட்டாகிளாஸ்

மொரீஷியஸில் ரோஸ் ஹில் பக்கம் ஒரு கோவிலின் காணிக்கைக் கணக்குக்குப் பைத்தானில் புரோகிராம் எழுதி ஆறு வருடம் ஆகிறது. பகலில் எபேனில் வேலை, சாயங்காலம் இது. தைப்பூசக் காவடி நெருங்கும்போதுதான் கூட்டம். ரசீதில் தப்பு வந்தால் அன்றைக்கே பிடிக்க வேண்டும்.

முதல் வருடம் பிடிக்க முடியவில்லை. லாகை, அதாவது புரோகிராம் நடந்ததை எழுதிவைக்கும் கோப்பைத் திறந்தால் வரிக்கு வரி கிளாஸ் (ஒரு வகைப் பதிவுக்கான அச்சு) பெயர், பின்னால் ஒரு மெமரி முகவரி. யார் கொடுத்தது, எவ்வளவு, ஒன்றும் தெரியாது. சரி என்று ஒவ்வொரு கிளாஸுக்கும் ரெப்ர் மெத்தடை, அதாவது ஒரு பதிவை எழுத்தில் எப்படிக் காட்டுவது என்று சொல்லும் பகுதியைக் கையாலேயே எழுதினேன். அப்புறம் 'நாள்' என்று ஒரு ஃபீல்டு (தகவல் கட்டம்) சேர்த்தபோது ரெப்ரில் சேர்க்க மறந்துவிட்டேன். ஒரே பாட்டி இரண்டு நாளுக்கு ஒரே தொகை கட்டியிருந்தார். லாகில் இரண்டும் அச்சு அசலாக ஒன்று. இரட்டைப் பதிவு என்று ஒன்றை அழித்துவிட்டேன். அவர் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன்.

அதற்குப் பிறகுதான் டேட்டாகிளாஸுக்கு மாறினேன்; இப்படிப்பட்ட கிளாஸ்களை எழுதப் பைத்தானிலேயே உள்ள வசதி அது. 2018-இல் பைத்தான் 3.7-உடன் வந்தது. ஃபீல்டுகளை எழுதினால் போதும், ரெப்ரை அதுவே உண்டாக்கிக்கொள்ளும். புது ஃபீல்டு தானாகச் சேர்ந்துவிடும். பைத்தான் 3-இல் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம் என்பதால் லாகில் இப்போது வருவது இப்படி:

காணிக்கை(பெயர்='முத்துசாமி', தொகை=500, நாள்='தைப்பூசம்')

கோவில் பொருளாளருக்குப் புரோகிராம் தெரியாது, பள்ளியில் படித்த தமிழ் உண்டு. இந்த வரியை விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தவர், தொகை தப்பு, ஐயாயிரம் என்று கிரியோலில் சொன்னார். நோட்டைப் பார்த்தோம், ஐயாயிரம்தான். எனக்கு அன்று வந்த சந்தோஷம் கொஞ்சமல்ல. பைத்தான் 2-இல் ரெப்ர் தமிழ் எழுத்தையெல்லாம் எஸ்கேப் குறியீடாக, அதாவது எழுத்துக்குப் பதில் அதன் எண்ணாக ஆக்கிவிடும். அவரால் எதைப் படித்திருக்க முடியும்?

குறையும் உண்டு. சொல்லாவிட்டால் டேட்டாகிளாஸ் எதையும் மறைக்காது. பக்தர்களின் தொலைபேசி எண்கள் சில நாள் லாகில் அப்படியே விழுந்துகொண்டிருந்தன. அந்த ஃபீல்டுக்கு 'ரெப்ர்=ஃபால்ஸ்' கொடுத்ததும் நின்றது; நீங்கள் முதல் நாளே கொடுத்துவிடுங்கள். நீளமான லிஸ்ட் உள்ள கிளாஸில் ரெப்ர் பக்கம் பக்கமாக ஓடும். அங்கே மட்டும் கையால் எழுதி எண்ணிக்கையைக் காட்டுகிறேன். நாம் எழுதியதை டேட்டாகிளாஸ் தொடுவதில்லை.